எந்தச் சீனத் தேநீருக்கு எந்தக் களிமண் கெண்டி? ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்குவது?

முதலில் தேநீரை முடிவு செய்யுங்கள், கெண்டி அப்புறம். நிறைய பேர் அழகான யிசிங் கெண்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் எதைப் போடுவது என்று பிறகுதான் யோசிக்கிறார்கள்.

ஜியாங்சு மாகாணத்து யிசிங்கில் கிடைக்கும் ட்சிஷா மண்ணுக்கு மெருகுப் பூச்சு கிடையாது, சுட்ட பிறகும் நுண்துளைகள் இருக்கும், சூட்டையும் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குணம் எல்லாத் தேநீருக்கும் நல்லதல்ல. யுன்னான் மாகாணத்துப் பூ-அர் தேநீர், அதிலும் புளிக்கவைத்த ஷோ வகை, கொதிக்கும் நீரையே கேட்கும். கனமான சுவர் உள்ள ட்சினி (ட்சிஷாவில் ஊதா-பழுப்பு வகை) கெண்டியில் அதன் முரட்டு வாசம் கொஞ்சம் அடங்கி, சாறு வழவழப்பாக வரும். இந்த ஜோடிதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பச்சைத் தேநீருக்கும் கறுப்புத் தேநீருக்கும் இடைப்பட்ட ஊலாங் வந்தால் கதை வேறு. தியே குவான் யின், பீனிக்ஸ் மலைத் தான்ச்சோங் இரண்டுக்கும் உயிரே வாசனைதான், அதைத் துளையுள்ள மண் குடித்துவிட்டால் என்ன மிச்சம்? அதனால் இவற்றுக்கு மெல்லிய சுவரும் இறுக்கமான மண்ணும் கொண்ட ஜூனி (ட்சிஷாவில் சிவப்பு வகை) கெண்டி. தான்ச்சோங் பிறந்த சாவோஜோ ஊரிலேயே சக்கரத்தில் வனையும் சின்னச் சிவப்புக் கெண்டிகள் உண்டு (யிசிங்கில் சக்கரம் வழக்கமில்லை, மண்ணைத் தகடாகத் தட்டி ஒட்டுவார்கள்), அந்தத் தேநீருக்கு அவை அப்படிப் பொருந்தும். வூயி மலைப் பாறைத் தேநீரும் ஊலாங்தான், ஆனால் நெருப்பில் நன்றாக வாட்டியது, ட்சினியிலும் நன்றாகவே இருக்கும்.

வடிவத்தையும் பாருங்கள், ஆனால் ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தியே குவான் யின் உருண்டையாகச் சுருண்ட இலை, நீர் பட்டதும் பலமடங்கு விரியும், உருண்டை வயிறு வேண்டும். பாறைத் தேநீரும் தான்ச்சோங்கும் நீள இலை, வாய் அகலமாக இல்லாவிட்டால் உடைத்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். நான் இவற்றைவிட அதிகம் பார்ப்பது சாய்த்தால் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதைத்தான், ஏனென்றால் மெதுவாக ஊற்றும் கெண்டியில் கடைசிச் சொட்டு வருவதற்குள் சாறு கசந்துவிடும்.

லோங்ஜிங், பி லோ சுன் மாதிரிப் பச்சைத் தேநீருக்குக் களிமண்ணே வேண்டாம் என்பேன். 80 டிகிரி பக்கம் நீர் போதும், சூட்டைப் பிடித்து வைக்கும் கெண்டியில் இலை வெந்துவிடும். கண்ணாடி டம்ளரோ மூடி போட்ட பீங்கான் காய்வான் கிண்ணமோ போதும்.

ஒரு கெண்டிக்கு ஒரே தேநீர் என்ற விதியை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒரே குடும்பத்துத் தேநீர்களை மாற்றிப் போடலாம். ஆனால் ஷோ பூ-அர் போட்டதில் தான்ச்சோங் போடாதீர்கள், மீன் குழம்புச் சட்டியில் பால் காய்ச்சுகிற மாதிரி. அதே காரணத்தால் சோப்பும் கூடாது, வெந்நீரில் அலசி மூடியைத் திறந்து காயவைத்தால் சரி.

ஒன்றே ஒன்று என்றால், பூ-அர் குடிப்பவர் 120 மில்லி அளவில் ஒரு ட்சினி வாங்கலாம். இன்னும் பலவகையைச் சுவைத்துப் பார்க்கும் கட்டத்தில் இருந்தால் இப்போதைக்குக் காய்வான் மட்டும் வாங்குங்கள், பீங்கானில் எதுவும் ஒட்டாது, விலையும் குறைவு.