நோட்டில் 28 மணி மாலை வரைந்த பிள்ளை

அம்மா,

மகளை இனி என்ன படிக்கவைப்பது என்று நேற்று நீங்கள் கண்கலங்கிக் கேட்டபோது, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்காத பிள்ளையை, நிலத்தை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் உங்கள் அண்ணன். வேண்டாம். மீதிக் கடனை அடைக்கப்போவது அவர் இல்லை.

நீங்கள் வெளியே போன் பேசப் போனபோது உங்கள் மகள் தன் நோட்டைக் காட்டினாள். பென்சிலில் 28 மணி கோத்த மாலை. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். வி.ஐ.பி. என்ற நரம்புப் பெப்டைடு அது, அதாவது நம் உடலே சுரக்கும் ஒரு குட்டிப் புரதம்; 1970-இல் சமி சயித்தும் விக்டர் முட்டும் பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுத்தது. மூச்சுக்குழாயை விரிக்கும், அழற்சியை அடக்கும். "அப்புறம் ஏன் தம்பியின் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கவில்லை?" என்றாள்.

ரத்தத்தில் அது ஓரிரு நிமிடத்தில் பாதியாகிவிடும். கொரோனாவில் மூச்சுத்திணறியவர்களுக்கு ரத்தக்குழாய் வழியே ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆனால் ஜெர்மனியில் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் உள்ளவர்கள் 20 பேர் மூச்சு வழியே எடுத்த சிறிய ஆய்வில், நுரையீரல் செல்களில் அழற்சிச் சுரப்பு குறைந்தது. மருந்தாக இன்னும் நிரூபணமாகவில்லை.

கெடாமல் நுரையீரல் வரை கொண்டுசேர்ப்பதுதான் பாடு. அது மருந்தாக்கத் துறையின் வேலை, அதற்கு வாசல் பி.ஃபார்ம். என்ற மருந்துப் பட்டப்படிப்பு. மெடிக்கல் ஷாப் படிப்பா என்று உங்கள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நான்கு வருடப் படிப்பு. தமிழ்நாட்டில் நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணில் கவுன்சலிங். சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இருக்கிறது. பிறகு ஜிபேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதி, முதுகலைப் படிப்பான எம்.ஃபார்மில் பார்மசூட்டிக்ஸ் என்ற மருந்தாக்கப் பிரிவு, ஜிபேட் தேறிச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. மொகாலி, ஹைதராபாத்தில் உள்ள நைப்பர் என்ற மத்திய மருந்துக் கல்வி நிறுவனங்களுக்கு ஜிபேட் தேறுவதோடு அவர்களின் தனி நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும்.

அங்கே பெப்டைடுக் கரைசலை உறையவைத்து, வெற்றிடத்தில் நீரை இழுத்துவிடுவார்கள். குப்பியின் அடியில் வெள்ளை வில்லையாக நிற்கும். இன்ஹேலர் பொடி என்றால் துகள் ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரை இருக்க வேண்டும். பெரிதானால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், ரொம்பச் சிறிதானால் மூச்சோடு திரும்பிவிடும். நான் இதைச் சொன்னபோது அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டு வருடக் கோச்சிங்கில் அவளை அப்படிப் பார்த்ததாக நீங்கள் சொல்லவில்லை.

முதல் வேலையில் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் நிலம் உங்கள் பெயரில் இருக்கும்.

விண்ணப்பம் போட வரும்போது அண்ணனை அழைத்துவர வேண்டாம். மகள் வரட்டும், அந்த நோட்டோடு.