சுவருக்குள் இருப்பதற்கே முதல் பணம்: பழைய வீட்டுச் சின்னச் சமையலறை, கேள்வி பதில்

பழைய வீடுகளில் சமையலறையைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே சிறிய இடம், நாள்பட்ட வீடு, அளவான பணம் என்ற மூன்றையும் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு 40 வயதுக்கு மேல். சமையலறை 8 அடிக்கு 7 அடி. கேபினட் செய்பவர் வந்து அளவெடுத்து, அழகான வரைபடமும் கொடுத்துவிட்டார். முன்பணம் கொடுத்துவிடலாமா அண்ணா?

கொஞ்சம் பொறுங்கள். கேபினட் பிந்தி வரவேண்டிய வேலை. அதற்கு முன்னால் தண்ணீர், கரண்ட், சுவரின் ஈரம் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

பழைய ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துருவேறி வழி சுருங்கியிருக்கும். காலையில் முதலில் திறக்கும்போது தண்ணீர் பழுப்பாக வருகிறதா, வீட்டில் வேறொரு குழாயைத் திறந்ததும் இங்கே வேகம் விழுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இருந்தால் இந்த வேலையோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். பாதியை மட்டும் செம்புக் குழாயாக மாற்றி, மீதி ஜி.ஐ. குழாயோடு நேராக இணைக்க விடாதீர்கள். இரண்டு உலோகமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். சி.பி.வி.சி., பி.பி.ஆர். என்ற பிளாஸ்டிக் குழாய்களில் அந்தத் தொல்லை கிடையாது.

ஈரத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பாலிதீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறையின் காற்றில் ஈரம் அதிகம். காற்றோட்டத்தைச் சரிசெய்தால் போதும். உள்பக்கம், சுவரை ஒட்டி வேர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்கும்வரை அந்தச் சுவரில் எதையும் மாட்டாதீர்கள்.

ஒரு வீட்டில் இதையெல்லாம் பார்க்காமலேயே வேறொருவர் புதுக் கேபினட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தார். சில மாதத்தில் பின்னாலிருந்த குழாய் கசிந்து, மொத்தத்தையும் கழற்றித்தான் சுவரை உடைக்க வேண்டியிருந்தது. கழற்றியதில் பாதியைத் திரும்ப மாட்ட முடியவில்லை. அந்த அம்மா சேர்த்து வைத்த பணம் அது. இன்றைக்கும் எனக்கு அது மனசில் நிற்கிறது.

உங்கள் மொத்தத் தொகையில் 15 முதல் 20 சதவீதத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பழைய சுவரை உடைக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: சிங்க் உள்சுவரில் இருக்கிறது. அதை எதிர்ப்பக்கம் ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோக ஆசை. கொத்தனார் "தாராளமாகப் பண்ணலாம்" என்கிறார்.

பண்ணலாம். ஆனால் சிங்க்கிலிருந்து போகும் கழிவுக் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. வீதம் சரிய வேண்டும். 3 மீட்டர் தள்ளிப் போனால் 6 செ.மீ. இறக்கம். அதற்குத் தரையை உடைக்க வேண்டும், இல்லையென்றால் தரையை உயர்த்த வேண்டும். மாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டுக் கூரையும் கணக்கில் வந்துவிடும். சரிவு குறைந்தால் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும். நடுவில் வரும் ஒவ்வொரு வளைவும் பிற்பாடு அடைக்கப்போகிற இடம்தான்.

சிறிய சமையலறைச் செலவில் தேவையில்லாமல் ஏறுவது எது என்று கேட்டால், சிங்க்கையும் அடுப்பையும் இடம் மாற்றுவதைத்தான் சொல்வேன். அதே சுவரில் ஓரிரு அடி நகர்த்துவது வேறு விஷயம், அதற்குப் பெரிய செலவில்லை. உங்கள் வீட்டில் சிங்க் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஜன்னலுக்குக் கீழே நறுக்கும் மேடை வரட்டும். கத்தி பிடிக்கிற இடத்துக்குத்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும்.

கேள்வி: எங்கள் சமையலறையின் அகலம் 6 அடிதான். இரண்டு பக்கமும் மேடை போட்டால் நடக்க இடம் இருக்குமா?

இருக்காது. 6 அடி என்றால் 183 செ.மீ. இரண்டு பக்கமும் வழக்கமான 60 செ.மீ. மேடை போட்டால் நடுவில் 63 செ.மீ.தான் மிஞ்சும். அதில் ஒரு டிராயரைத் திறந்துவிட்டுக் குனியக்கூட முடியாது. குறைந்தது 90 செ.மீ. வேண்டும். ஆகவே ஒரு பக்கம் 60 செ.மீ. மேடை, எதிர்ப்பக்கம் 30 செ.மீ. ஆழத்தில் தரையிலிருந்து கூரைவரை அலமாரி. நடுவில் 93 செ.மீ. கிடைக்கும். ஆழம் குறைந்த அலமாரியில் ஒரு பொருளுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்ளாது என்பதால், உண்மையில் அதில்தான் சாமான் நன்றாக அடங்கும்.

குறுகலான சமையலறை என்று வருத்தப்பட வேண்டாம். 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, பிராங்பேர்ட் நகரத்தின் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். கிட்டத்தட்ட உங்கள் அகலம்தான்! சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம் அது. வேலை செய்யும் மேடை ஜன்னலடியில், பக்கத்து அறைக்கு நகர்த்துகிற கதவு, மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைக் கட்டினார்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற கேபினட் சமையலறைகளின் மூலம் அதுதான். இடம் சிறியது என்பதால்தான் அவ்வளவு யோசித்தார்கள்.

கேள்வி: சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட நினைக்கிறோம். தட்டினால் வெற்றுச் சத்தம்தான் வருகிறது. பாரம் தாங்காத சுவர்தானே?

சத்தத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. பழைய வீடுகள் பலவற்றில் தூண் கிடையாது. செங்கல் சுவர்களே கூரையைத் தாங்கி நிற்கும். ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் வரவழைத்துக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள், தயவுசெய்து.

இடம்தான் குறையென்றால் முதலில் கதவைப் பாருங்கள். உள்பக்கம் திறக்கும் கதவு, தான் சுழலும் இடம் முழுவதையும் விழுங்குகிறது. அதைக் கழற்றிவிட்டாலோ, நகர்த்தும் கதவாக மாற்றினாலோ அந்த மூலை உங்களுக்குக் கிடைத்துவிடும்.

கேள்வி: கேபினட் 20 வருடப் பழசு. கதவுகள் பார்க்கவே நன்றாக இல்லை. எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டுமா, சார்?

முதலில் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சிங்க்கின் அடியில் உட்காருங்கள். கேபினட்டின் அடிப்பலகையையும் பக்கப் பலகைகளையும் லேசாகக் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனாலோ, பலகை உப்பியிருந்தாலோ அந்தப் பெட்டி போய்விட்டது. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் திரும்பச் சுருங்காது. பலகை கெட்டியாக இருந்தால் பெட்டியை வைத்துக்கொண்டு கதவை மட்டும் மாற்றுங்கள், அல்லது பெயின்ட் அடியுங்கள். பெரும்பாலும் சிங்க் பெட்டி ஒன்றுதான் கெட்டிருக்கும். அதை மட்டும் கொதிநீர் தாங்கும் தரமான பி.டபிள்யூ.பி. பிளைவுட்டில் செய்துகொள்ளலாம்.

பெயின்ட் அடிப்பதானால், அடிப்பதைவிடத் துடைப்பதுதான் பெரிய வேலை. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்தப் பெயின்டும் நிற்காது. கதவுகளைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டி, பிசுக்கு எடுக்கும் சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் 120 எண் உப்புத்தாள், வழுவழுப்பான பரப்பில் பிடிக்கக்கூடிய பிரைமர், 220 எண் உப்புத்தாளால் லேசான தேய்ப்பு, கடைசியாக மெல்லிசாக இரண்டு கோட் எனாமல். தொட்டால் ஒட்டாத நிலை ஒரே நாளில் வந்துவிடும். ஆனால் முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கதவுகளை மெதுவாகக் கையாளுங்கள்.

புதுக் கைப்பிடி வாங்கும் முன், பழைய கைப்பிடியின் இரண்டு துளைகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 96 அல்லது 128 மி.மீ. இருக்கும். அதே அளவில் வாங்கினால் பழைய துளையை அடைத்துப் புதிதாகத் துளைக்கும் வேலை இல்லை.

ஒரு எச்சரிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரவேண்டாம். பழைய வினைல் தரையோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பலகையோ இருந்தால் அதை நீங்களே உடைக்கவோ சுரண்டவோ கூடாது. கல்நார் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பழைய டைல்ஸை உடைக்காமல் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா?

ஒட்டலாம். ஒரு நாணயத்தால் எல்லா டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். டொக்கென்று வெற்றுச் சத்தம் வருவதை மட்டும் பெயர்த்தெடுத்து நிரப்புங்கள். பாதிக்கு மேல் அப்படியிருந்தால் முழுக்க உடைப்பதே நல்லது. வெறும் சிமென்ட் வேண்டாம், பாலிமர் கலந்த டைல் பசை வேண்டும். தரையில் ஒட்டினால் மட்டம் ஒன்றே கால் செ.மீ. அளவுக்கு உயரும், கதவின் அடி உரசுமா என்று முன்பே பாருங்கள். சிங்க்குக்குப் பின்னால் மட்டுமாவது டைல்ஸ் இடுக்குகளில் எபாக்சி கிரவுட் என்ற நிரப்புக் கலவையைப் போடுங்கள், அது தண்ணீரையும் கறையையும் குடிக்காது.

கேள்வி: சமையலறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதை இன்றைக்கே நிறுத்துங்கள். 230 வோல்ட் வரும் வீட்டில் 2,000 வாட் கெட்டில், 1,200 வாட் மைக்ரோவேவ், 700 வாட் மிக்ஸி மூன்றும் ஒன்றாக ஓடினால் 17 ஆம்பியர் இழுக்கும். பழைய மெல்லிய கம்பி அந்தச் சூட்டைச் சுவருக்குள் தாங்கிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியும்போது காப்பு உருகியிருக்கும்.

எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயம் கேளுங்கள். சமையலறைக்கென்று தனி லைன், 16 ஆம்பியர் பாயிண்டுகளுக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச். ஃபிரிட்ஜுக்குத் தனிப் பாயிண்ட். வேறு எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

சுவர் திறந்திருக்கும்போதே மேல் கேபினட்டுக்கு அடியில் எல்.இ.டி. பட்டைக்கும் ஒரு கம்பி இழுத்து வையுங்கள். கூரையின் நடுவில் எரியும் விளக்குக்கு நீங்கள் முதுகைக் காட்டி நிற்கிறீர்கள்; அதனால் உங்கள் நிழல்தான் மேடையில் விழும். பட்டையைக் கேபினட்டின் முன் ஓரத்தை ஒட்டிப் பொருத்தினால் மேடை முழுக்க வெளிச்சம் பரவும்.

கேள்வி: வெளியே குழாய் விட வசதியில்லை. கார்பன் வடிகட்டி வைத்த சிம்னி போதுமா?

எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், வாடையைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் நீராவியும் எரிவாயு எரிந்து வரும் வாயுக்களும் அறைக்குள்ளேயே சுற்றும். ஜன்னல் இருந்தால், மேல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதே என் தேர்வு. முதல் கேள்வியில் வந்த 8 அடிக்கு 7 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுமார் 16 கன மீட்டர் காற்று. மணிக்கு 10 முதல் 15 தடவை அது மாற வேண்டும், அதாவது 160 முதல் 240 கன மீட்டர் இழுக்கும் ஃபேன். பெரிய ஃபேன் தேவையே இல்லை. எதிர்ப்பக்கம் கதவடியில் காற்று உள்ளே வர இடைவெளி விடுங்கள். உள்ளே வர வழியில்லை என்றால் ஃபேன் சத்தம்தான் போடும், காற்றை வெளியே தள்ளாது.

கேள்வி: மேடைக்குக் கிரானைட்டா, குவார்ட்ஸா, மார்பிளா?

கிரானைட். சூடான பாத்திரத்தைத் தாங்கும். குவார்ட்ஸில் ரெசின் கலந்திருப்பதால் சூட்டில் தழும்பு விழும். மார்பிளில் எலுமிச்சை, வினிகர் பட்டாலே மங்கிப்போகும். கல் வெட்டுபவரிடம் பெரிய வேலைகளில் மிஞ்சிய துண்டுகள் இருக்கும். சிறிய சமையலறைக்கு அதுவே போதும், விலையும் குறைவு.

கேள்வி: அம்மா குள்ளம், நான் உயரம். இருவரும் சமைக்கிறோம். மேடையை எந்த உயரத்தில் வைப்பது?

யார் அதிக நேரம் நிற்கிறாரோ அவருக்கு வையுங்கள். நேராக நின்று முழங்கையை மடக்கினால், முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருக்க வேண்டும். அம்மாவுக்கு அது 80 செ.மீ. என்று வந்தால் 80 வையுங்கள். நறுக்கும்போது உங்களுக்குக் கனமான பலகை ஒன்றை மேலே போட்டுக்கொள்ளலாம். குள்ளமானவருக்கு முக்காலி போடுவது மட்டும் வேண்டாம், அடுப்பருகே அது ஆபத்து.

கேள்வி: மூலைகள் 90 டிகிரியில் இல்லை என்று தச்சர் சொல்கிறார். சுவரை நேராக்க வேண்டுமா?

வேண்டாம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்ததில் 4 அடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே சரியாக 5 அடி இருந்தால் மூலை நேர். எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துவிட்டால், சுவரை ஒட்டிக் கேபினட்டின் ஓரத்தில் ஒரு நிரப்புப் பட்டை வைத்து மறைத்துவிடலாம். அகலத்தைத் தரையருகே, இடுப்பளவில், தலைக்கு மேல் என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறியதைத் தச்சரிடம் கொடுங்கள்.

கேள்வி: வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்க வேண்டும். எப்படிச் சமாளிப்பது? அக்கா சொன்னமாதிரி எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைத்துவிடலாமா?

உடைக்காதீர்கள். சாமான், டைல்ஸ், குழாய் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் முதல் சுத்தியல் விழ வேண்டும். முதலில் குழாயும் வயரும், அடுத்து பூச்சு, தரை, கேபினட், மேடைக்கல், மேடைக்குப் பின்சுவர் டைல்ஸ், கடைசியில் பெயின்ட். பூச்சு நன்றாகக் காயும்வரை கேபினட் மாட்ட அவசரப்படுத்தாதீர்கள். வேறொரு அறையில் ஒரு மேசை, மின்அடுப்பு, இரண்டு வாளி வைத்துக்கொண்டு, பழைய சிங்க்கை முடிந்தவரை கடைசியில் கழற்றச் சொல்லுங்கள். அடுப்பு வைத்த அறைக்கும் இடிக்கும் இடத்துக்கும் நடுவே பாலிதீன் திரை ஒன்றைக் கட்டி, கீழ் ஓரத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.