பழைய பேஜரில் இன்றைக்கு மெசேஜ் வரவைக்க முடியுமா? இவ்வளவு எளிய கருவி ஏன் காணாமல் போனது?

கேள்வி கேட்டவர் வீட்டில் 1990களின் பேஜர் ஒன்று, அதாவது ரேடியோ அலையில் வரும் சிறு செய்தியைத் திரையில் காட்டும் கையடக்கக் கருவி, கிடைத்திருக்கிறது. பேட்டரி செல் போட்டால் திரையில் எழுத்து வருகிறது என்கிறார்.

பழைய நம்பருக்கு இனி மெசேஜ் வராது. இந்தியாவில் அந்தச் சேவையை நடத்திய கம்பெனிகள் எல்லாம் கடையை மூடிவிட்டன. ஆனால் பொழுதுபோக்காக ரேடியோ ஒலிபரப்புபவர்களுக்கான ஹாம் ரேடியோ உரிமம் உள்ளவர், பேஜரின் அலைவரிசை ஒத்துவந்தால், வீட்டுக்குள்ளேயே அதைக் கூவ வைக்கலாம்.

முதலில் செல்லை வெளியே எடுங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால், அது செல்லிலிருந்து கசிந்த காரம். பஞ்சுக்குச்சியில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காய விடவும். போர்டுக்குள் கசிவு இறங்கியிருந்தால் செம்புத் தடம் அரித்திருக்கும். திரை வந்தும் மெசேஜ் எடுக்காத பேஜர்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புது அல்கலைன் செல் போடுங்கள். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான், பல பேஜர்கள் அதைத் தீர்ந்துபோன செல் என்று நினைத்துக்கொள்ளும்.

அடுத்து பின்பக்க ஸ்டிக்கர். அலைவரிசையும், கேப்கோடு எனப்படும் ஏழு இலக்க எண்ணும் பெரும்பாலும் அதில் இருக்கும். கேப்கோடு என்பது நாம் சொல்லிக்கொடுத்த பேஜர் நம்பர் அல்ல, கருவியின் உள் முகவரி. இரண்டையும் கோத்து வைத்திருந்தது கம்பெனியின் கம்ப்யூட்டர்.

பெரும்பாலான பேஜர்கள் கேட்பது போக்சாக் என்ற முறை. இங்கிலாந்தின் தபால் துறை முன்னின்று வகுத்தது. வேகம் நொடிக்கு 512, 1200 அல்லது 2400 பிட். 1993-ல் மோட்டரோலா கொண்டுவந்த ஃப்ளெக்ஸ் முறைப் பேஜராக இருந்தால் கீழே உள்ள வழி பொருந்தாது.

போக்சாக்கின் அழகு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அனுப்புதலும் குறைந்தது 576 பிட் நீளத்துக்கு 1, 0, 1, 0 என்று தொடங்கும். 512 வேகத்தில் அது ஒரு நொடிக்குச் சற்று மேல். அதனால் பேஜர் தூங்கிக்கொண்டே இருந்து, நொடிக்கொரு முறை மட்டும் காதைத் திறந்தால் போதும். அதன்பின் பேஜர் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும் ஒத்திசைவுச் சொல், தொடர்ந்து செய்திகள் வரும் எட்டுப் பகுதிகள், அதாவது ஃபிரேம்கள். கேப்கோடை எட்டால் வகுத்து வரும் மீதிதான் உங்கள் ஃபிரேம். 1234567 என்றால் மீதி 7, கடைசி ஃபிரேம். மற்ற ஏழிலும் ரிசீவர் மறுபடி அணைந்துவிடும். ஒரே ஒரு பென்சில் செல்லில் வாரக்கணக்கில் ஓடியது இப்படித்தான்.

அனுப்ப ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், அதன் மேல் சிறு ரேடியோவான எம்எம்டிவிஎம் ஹாட்ஸ்பாட் போர்டு, அதை இயக்க பை-ஸ்டார் மென்பொருள். 10 மில்லிவாட்தான், வீட்டுக்குப் போதும். இங்கே ஒரு கண்ணி: ஐரோப்பிய ஹாம்கள் நடத்தும் டாப்நெட் பேஜிங் வலைப்பின்னல் 439.9875 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இணைய வழிகாட்டிகள் பலவும் அந்த எண்ணையே தரும். இந்திய ஹாம்களுக்கு அந்தப் பகுதியில் அனுமதி 434 முதல் 438 வரைதான். உங்கள் பேஜர், அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் வைத்த பழைய வகை என்றால் ஒரே அலைவரிசைதான் கேட்கும். அது ஹாம் பட்டைக்கு (ஹாம்களுக்கு அனுமதித்த அலைவரிசைப் பகுதிக்கு) வெளியே இருந்தால் கிரிஸ்டலை மாற்றி, உள்ளே டியூனிங்கையும் திருத்த வேண்டும். பட்டை ரொம்பத் தள்ளியிருந்தால் அதுவும் நடக்காது. அலைவரிசையை புரோகிராம் செய்யக்கூடிய மாடல் என்றால் வேலை சுலபம். உரிமம் இல்லாமலோ, பட்டைக்கு வெளியிலோ அனுப்பவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் பேஜர் வாய் திறக்காவிட்டால் மூன்றைப் பாருங்கள். ஒன்று, சிக்னல் தலைகீழ்: போக்சாக்கில் அலைவரிசை நடுவிலிருந்து 4.5 கிலோஹெர்ட்ஸ் மேலே போனால் 0, கீழே போனால் 1. இது மாறினால் பேஜருக்கு ஒன்றுமே புரியாது. இரண்டு, ஹாட்ஸ்பாட்டின் அலைவரிசை சில நூறு ஹெர்ட்ஸ் விலகியிருப்பது. அந்த விலகலைச் சரிசெய்யும் ஆஃப்செட் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்கவும். மூன்று, வேகம் பொருந்தாதது. வாக்கிடாக்கியின் மைக் வழியாக அனுப்பிப் பார்ப்பவர்களும் உண்டு. குரலுக்கான வடிகட்டி தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடுவதால் அது தேறாது.

இனி, ஏன் மறைந்தது? இந்தியாவில் பேஜரும் செல்போனும் ஒரே ஆண்டில், 1995-ல் வந்தன. அப்போது செல்போனில் நிமிடத்துக்கு 16 ரூபாய் அளவுக்குக் கட்டணம், வரும் அழைப்புக்கும் காசு. அந்த விலைதான் பேஜருக்கு வாழ்வு கொடுத்தது. மெசேஜ் அனுப்ப கம்பெனிக்குப் போன் செய்து ஆபரேட்டரிடம் சொல்ல வேண்டும். வாங்கியவர் பதில் சொல்ல எஸ்டிடி பூத்தைத் தேட வேண்டும். போக்சாக் எழுத்துக்கு 7 பிட்தான், தமிழுக்கு அதில் இடமில்லை. "சீக்கிரம் வா" என்பதையும் ஆங்கில எழுத்தில்தான் அடித்தார்கள். செல்போன் கட்டணம் சரிந்து எஸ்எம்எஸ் பரவி, 2003-ல் வரும் அழைப்புகள் இலவசமானதும், பேஜருக்கு மாதச் சந்தா கட்ட யாருக்கும் காரணம் இல்லாமல் போனது.

ஜப்பானில் கடைசிப் பேஜர் சேவை 2019 செப்டம்பர் இறுதி வரை ஓடியது. அதே ஆண்டில் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் சுமார் 1,30,000 பேஜர்கள் புழக்கத்தில் இருந்தன. அது பழமைப் பிடிவாதம் இல்லை. பல டவர்கள் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் பலத்த சக்தியில் அனுப்புவதால், தடித்த சுவர்களுக்குள்ளும் நிலத்தடி அறைகளிலும் அது எட்டும். பொதுவான ஒரு கேப்கோடில் ஒரு குழு முழுவதையும் ஒரே நொடியில் எழுப்பலாம். குறைகளும் பெரியவை: செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. போக்சாக்கில் செய்தியை மறைக்கும் பூட்டும் கிடையாது. மலிவான யுஎஸ்பி ரேடியோவும் பேஜர் சிக்னலை எழுத்தாக்கும் மல்டிமான் மென்பொருளும் வைத்திருக்கும் எவரும் நோயாளியின் விவரத்தைப் படித்துவிடலாம்.

உரிமம் எடுக்கும் எண்ணம் இல்லையென்றால், செல்லை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்டிக்கரில் உள்ள எண்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மை மங்கிவிடும், கேப்கோடு தெரியாமல் பின்னாளில் எந்த ஹாமாலும் அந்தப் பேஜரைக் கூப்பிட முடியாது.