போஸ்டிங்கில் மார்க் குறைந்தது ஏன்?

தங்கச்சி, ஊசி, டிரெஸ்ஸிங், கதீட்டர் எல்லாம் பிழையில்லாமல் செய்தும் நர்சிங் படிப்பின் வார்டு போஸ்டிங் பயிற்சியில் மேடம் மார்க்கைக் குறைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வேலூரில் மாணவிகளுக்கு வார்டில் மார்க் போடுபவள். கைவேகம் இதில் ஒரு பகுதிதான். நோயாளியைத் தொடுமுன் கை கழுவினீர்களா, பெயரையும் கையில் கட்டிய பட்டையையும் ஒத்துப் பார்த்தீர்களா, திரையை இழுத்து மூடினீர்களா என்பதையெல்லாம் பார்ப்போம். நம்மூர் வார்டுகளில் வங்காளம், தெலுங்கு பேசுபவர்கள் நிறைய. மொழி தெரியாது என்று வாயே திறக்காமல் ஊசி போட்டால் அங்கேயே மார்க் போகும் (சைகையாவது காட்டலாமே!). பிபி 90/60 என்று குறைந்திருப்பதைச் சார்ட்டில் எழுதிவிட்டு ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லாமல் நகர்ந்தால் சரியாக அளந்தும் பயனில்லை. ‘இந்த மாத்திரை எதற்கு?’ என்று கேட்டால், ‘டாக்டர் எழுதியிருக்கார் மேடம்’ என்பது பதிலாகாது.

முகம் பார்த்து மார்க் போடுபவர்களும் இருக்கிறார்கள், மறுக்கமாட்டேன். அதனால்தான் மதிப்பீட்டுத் தாளைக் காட்டச் சொல்லி, எந்த வரியில் குறைந்தது என்று கேளுங்கள். அடுத்த போஸ்டிங்கில் பாதியிலேயே கேட்டுவிடுங்கள், திருத்திக்கொள்ள நாள் இருக்கும். செய்த வேலைகளைக் குறிக்கும் லாக் புக்கில் கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள். மாதக் கடைசியில் நீட்டினால் எங்களுக்கு எதுவும் நினைவிருக்காது.