கரண்ட் வைத்து எடுத்த மரு ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு 29 வயது. திருமணமாகி 11 மாதம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு முன் ஆணுறுப்பின் அடிப்பகுதியில் சின்னச் சின்ன மருக்கள் வந்தன. தோல் மருத்துவர் கரண்ட் வைத்து எடுத்தார். இரண்டே மாதத்தில் பக்கத்தில் மறுபடி வந்தன, அவற்றையும் எடுத்தாயிற்று. இப்போது மூன்றாவது முறை. மனைவிக்கு 24 வயது, அவளுக்கு இதுவரை எதுவும் இல்லை. திருமணத்துக்கு முன் எனக்கு ஓர் உறவு இருந்தது, அது முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இதற்கு முடிவே கிடையாதா? மனைவியிடம் எப்படிச் சொல்வது?

பதில்: முடிவு உண்டு. மூன்றாவது முறை வந்ததும் பலர் மனம் விட்டுப்போய் மருத்துவரை மாற்றுகிறார்கள், இல்லையென்றால் சிகிச்சையையே நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். பெரும்பாலோருக்கு ஓரிரு வருடங்களுக்குள் உடம்பே மருவை உண்டாக்கும் வைரஸை அடக்கிவிடுகிறது. அதுவரை மருக்களைப் பெருக விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

இந்த மருக்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸின் 6, 11 ஆகிய இரண்டு வகைகள். இது ரத்தத்தில் ஓடுவதில்லை, தோலின் அடியடுக்குச் செல்களில் தங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் மருவைக் கரித்து எடுத்தாலும், சுற்றிலும் பார்க்க நன்றாக இருக்கும் தோலில் வைரஸ் மிச்சம் இருக்கும். கோரையை மேலாக அறுத்த மாதிரிதான். எடுத்த முதல் மூன்று மாதத்தில்தான் அது அதிகமாகத் தலைகாட்டும். உங்களுக்கு இரண்டு மாதத்தில் வந்தது அந்தக் கணக்கில் சரியாகப் பொருந்துகிறது. மருத்துவர் சரியாக எடுக்கவில்லை என்றோ, புதிதாக யாரிடமிருந்தோ தொற்றியது என்றோ நினைக்க வேண்டாம்.

மருந்துக்கு முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். சிபிலிஸ் நோயின் இரண்டாம் கட்டத்திலும் இதே இடத்தில் மரு போலவே புடைப்புகள் வரும். அவை தட்டையாக, அகலமாக, ஈரமாக இருக்கும். அவற்றை எத்தனை முறை கரித்தாலும் பயனில்லை, பென்சிலின் ஊசிதான் தீர்வு. ஆணுறுப்பின் மொட்டைச் சுற்றி வரிசையாக முத்து முத்தாக இருப்பவையோ நோயே இல்லை, இயற்கையான அமைப்பு. அதையும் மரு என்று நினைத்து எடுக்கப் போகிறவர்கள் உண்டு. ஆகவே விடிஆர்எல் (சிபிலிஸுக்கான பரிசோதனை), எச்ஐவி, சர்க்கரை ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மரு அடிக்கடி வரும், பெரிதாகவும் வரும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. மரு கருத்து, கெட்டியாகி, புண்ணாகி, ரத்தம் கசிந்தால் ஒரு துண்டு எடுத்து பயாப்ஸி பார்க்க வேண்டும்.

அப்புறம் சிகிச்சை. மூன்றாவது முறையும் கரித்து எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். புண் ஆறியதும் இமிக்விமோட் 5 சதவீதக் கிரீம் உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது மருவை எரிப்பதில்லை, அந்த இடத்துத் தோலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிறது. வாரத்தில் மூன்று இரவுகள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெல்லியதாகப் பூசி, 6 முதல் 10 மணி நேரம் கழித்து சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதிகபட்சம் 16 வாரம். தோல் சிவக்கும், அரிக்கும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். புண்ணாகிவிட்டால் மட்டும் சில நாள் இடைவெளி விட்டு மருத்துவரைக் கேளுங்கள். கிரீம் தோலில் இருக்கும்போது உறவு வேண்டாம், அது ஆணுறையையும் பலவீனமாக்கும்.

சில மருத்துவர்கள் அம்மைத் தடுப்பூசியான எம்எம்ஆர் மருந்தை மருவுக்குள்ளேயே சிறிதளவு போடுகிறார்கள். ஒரு மருவில் போட, எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு மற்றவற்றையும் கரைக்கும் என்பது அதன் நோக்கம். நம் நாட்டில் பரவலாகச் செய்கிறார்கள். ஆய்வுகள் சிறியவை என்றாலும், திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இதை யோசிக்கலாம் என்பது என் கருத்து. உயிருள்ள தடுப்பூசி என்பதால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

நீங்களே செய்யக்கூடியவற்றில் முக்கியமானது, ரேசரைத் தவிர்ப்பது. அந்த இடத்தை மழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், வைரஸ் அந்த வழியாகப் பக்கத்துத் தோலுக்குப் போய்விடும். ஒரே கோட்டில் வரிசையாக மரு வந்திருந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். இந்த ஆறு மாதம் கத்தரியால் குட்டையாக வெட்டிக்கொண்டால் போதும். சிகரெட் பழக்கம் இருந்தால் விடுங்கள், புகைப்பவர்களுக்கு மரு வரும் வாய்ப்பு அதிகம். எதிர்ப்புச் சக்தி கூட்டும் பொடி, மாத்திரை என்று பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கையில் வரும் பாலுண்ணிக்கு அம்மான் பச்சரிசிப் பால் தடவுவதும், முடியைக் கட்டி இறுக்குவதும், சுண்ணாம்பு வைப்பதும் நம் ஊரில் வழக்கம். பிறப்புறுப்புத் தோல் கைத்தோல் மாதிரி தடிப்பானது இல்லை. சுண்ணாம்பு வைத்தால் வெந்துபோய் ஆழமான புண்ணாகும், தழும்பும் விழும். பாதங்களில் வரும் ஆணிக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் திரவமும் இங்கே கூடவே கூடாது.

இனி உங்கள் மனைவி. சொல்லிவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன். மறைத்தால் சிகிச்சைக்குப் போவதையும், உறவைத் தள்ளிப்போடுவதையும் மறைக்க வேண்டிவரும், சந்தேகம் அங்கேதான் தொடங்கும். "என் தோலில் ஒரு வைரஸ் தொற்று இருக்கிறது, எப்போது வந்தது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது, உன்னையும் ஒருமுறை காட்டிவிடலாம்" என்று தொடங்குங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. தொற்றி இரண்டு மூன்று மாதத்தில் மரு வருவது வழக்கம், ஆனால் வருடக்கணக்கில் பதுங்கியிருந்தும் வரலாம். பழைய உறவைப் பற்றி அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எந்த மருவையும் வைத்து "நீதான் கொடுத்தாய்" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்ட முடியாது.

மகப்பேறு மருத்துவர் ஒருமுறை பார்த்து மரு இல்லை என்றால் அவருக்கு இப்போது சிகிச்சை எதுவும் தேவையில்லை. 6, 11 வகைகள் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் 16, 18 போன்ற வேறு வகைகள். ஆனாலும் 30 வயதானதும் எல்லாப் பெண்களையும் போல அவரும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பத் திட்டம் இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் மரு வந்தால் வேகமாகப் பெரிதாகலாம். அப்போது போடோபிலின் மருந்து கூடாது, உறைய வைத்தோ டிசிஏ அமிலம் தொட்டோ எடுக்கலாம்.

எச்பிவி தடுப்பூசி அவருக்குப் பயன்படும். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக், வெளிநாட்டு கார்டாசில் இரண்டுமே 6, 11 வகைகளையும் தடுக்கும். செர்வாரிக்ஸ் 16, 18-ஐ மட்டுமே தடுக்கும், ஆகவே பெயரைக் கேட்டுப் போடுங்கள். அவர் வயதுக்கு மூன்று ஊசிகள், ஆறு மாதத்தில் முடியும். ஏற்கெனவே வந்த மருவை இந்த ஊசி கரைக்காது, அதனால் உங்கள் கிரீமுக்கு இது மாற்று இல்லை. ஆஸ்திரேலியாவில் 2007-இல் பெண்களுக்கு இதைப் போடத் தொடங்கினார்கள். சில வருடங்களிலேயே அங்கே இளம்பெண்களிடம் இந்த மரு அரிதாகிவிட்டது, தடுப்பூசி போடாத இளைஞர்களிடமும் குறைந்தது.

மரு முழுதாகப் போய் மேலும் மூன்று மாதம் ஆகும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். உறை மூடாத தோல் வழியாகவும் தொற்றும் என்பதால் முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் வாய்ப்பு நிச்சயம் குறையும். கடைசி மரு போன தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அடுத்த மூன்று மாதமும் வாரம் ஒருமுறை குளித்தபின் நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். விதைப்பையின் பின்புறம், ஆசனவாய் ஓரம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஆசனவாய் வழி உறவு இல்லாதவர்களுக்கும் அங்கே வரும். கடுகளவு தெரிந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போய்விடுங்கள்.