லொறிக் கராஜை விரும்பும் மகன்: சுன்னாகத்துப் பெற்றோருக்கு

உயர்தரக் கணிதப் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தியடைந்த மகனுக்குப் பொறியியற் பீடத்துக்கான இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் தரப்படுத்திய புள்ளி) கிடைக்கவில்லை என்ற உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் ரொறன்ரோவில் உள்ள தாய்மாமனின் சொற்கேட்டு, காணியை ஈடுவைத்துக் கொழும்பில் தனியார் பொறியியற் பட்டத்துக்குப் பணம் கட்டும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன்.

மகன் கராஜிலேயே கிடக்கிறான், சாப்பிடும்போதும் எக்ஸோஸ்ட் பிரேக் பற்றியே பேசுகிறான் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவன் பேசுவது என்னவென்று அறிந்தால் அதைக் குறையாகச் சொல்லமாட்டீர்கள். 16 தொன் எடையுள்ள லொறியொன்று மலைப்பாதையில் 600 மீற்றர் உயரம் இறங்கும்போது, ஏறத்தாழ 94 மெகாஜூல் சக்தியை எங்காவது கழித்தாக வேண்டும். அது முழுவதையும் சில்லுகளின் பிரேக்கே தாங்கினால், ட்ரம் கொதித்து, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். அதனால்தான் துணைப் பிரேக்குகள் தேவைப்படுகின்றன. எக்ஸோஸ்ட் பிரேக் புகைக்குழாயை ஒரு வால்வினால் அடைக்க, வெளியேற முடியாத காற்றைத் தள்ளும் பிஸ்டன்கள் வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கின்றன. இறக்கத்தில் சாரதி கியரைக் குறைத்து எஞ்சினின் சுழற்சியைக் கூட்டுவதும் அந்தப் பிடி வலுப்பதற்காகவே. இன்னொரு வகை, பிஸ்டன் காற்றை அழுத்தி முடிக்கும் தறுவாயில் வெளியேற்று வால்வைத் திறந்து, அழுத்திய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளாமற் செய்கிறது. வேகத்தைத் தணிக்கும் தனிக் கருவியான ரிட்டார்டரும் உண்டு. அதன் ஹைட்ரோலிக் வகையில் சுழலும் சக்கரமும் நிலையான சக்கரமும் எதிரெதிரே நிற்க, இடையிலுள்ள எண்ணெய் வேகத்தை வெப்பமாக்கி ரேடியேற்றருக்கு அனுப்புகிறது. மின்காந்த வகையிலோ ஒன்றையொன்று தொடும் பாகங்களே இல்லை, தட்டில் எழும் சுழல் மின்னோட்டமே பிடிக்கிறது. இந்த ரிட்டார்டர்கள் வேகம் குறையக் குறைய வலுவிழப்பதால், வண்டியை முற்றாக நிறுத்தக் காற்பிரேக்கே வேண்டும். ஈரத் தெருவில் சில்லு வழுக்கினால், சில்லு இறுகி நிற்காமற் காக்கும் ஏ.பி.எஸ். கட்டுப்பாடு துணைப் பிரேக்கை விடுவிக்கவும் வேண்டும். ஆகவே இதைப் பழுதுபார்ப்பவருக்கு எண்ணெய், காற்று, மின்சாரம், சென்சர் எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். (மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், கண்டிக்கும் பதுளைக்கும் போகும் வண்டிகள் இங்கும் திருத்தப்படுகின்றன.)

கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கும் அதே இடத்தில், இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. மோட்டார் வாகனத் தொழினுட்பம் அங்கே கற்பிக்கப்படுகிறது. தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) என்ற தொழிற்கல்வித் தரவரிசையில் 4ஆம் மட்டம் தேர்ந்த கைவினைஞருக்கு உரியது. 5உம் 6உம் டிப்ளோமா. 7 பட்டத்துக்கு நிகரானது. பட்டத்தின் வழி அங்கும் அடைபடவில்லை என்பதை மாமனுக்கும் சொல்லுங்கள்.

காணியில் மட்டும் கைவைக்க வேண்டாம். தனியார் பட்டத்துக்கு முதற் தவணையோடு செலவு முடியாது. அறை வாடகையும் சாப்பாடும் வட்டியும் நான்கு ஆண்டும் உங்கள் தலையிலேயே விழும், மாமனின் தலையில் அல்ல. விருப்பமில்லாத படிப்பை மகன் இடையில் விட்டாலும் ஈடு நிற்கும். முற்பணம் எதுவும் கட்டுமுன் அவனையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போங்கள். சேர்க்கைத் தகுதியையும் கட்டணத்தையும் அங்கேயே கேளுங்கள், பட்டறையில் கனரக வாகன எஞ்சின் இருக்கிறதா என்பதை அவனே கேட்கட்டும்.