டச்சுக்கார மூதாதையைத் தேடி

கேள்வி: "நம்ம வம்சத்துல ஒரு டச்சுக்காரர் உண்டு, நாகப்பட்டினத்துல கம்பெனி உத்தியோகம்" என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார். அவருடைய குடும்பத்தையும் அவர் வாழ்ந்த காலத்தையும் எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பாட்டி சொல்லும் கம்பெனி, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. தேடலை நெதர்லாந்தில் ஆரம்பிக்காதீர்கள், பாட்டியிடம் ஆரம்பியுங்கள். யாருக்கு எந்த ஊரில் கல்யாணம், எந்த சர்ச், யாரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் அந்தந்த சர்ச்சின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பாருங்கள். நீங்கள் எலத்தகிரி, கோவிலூர் பக்கத்துக் கத்தோலிக்கர் என்றால், டச்சுக்காரர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் என்பதால், நடுவில் ஏதோ ஒரு கல்யாணத்தில் சபை மாறியிருக்கலாம், அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்தது 1658 முதல் 1781 வரை. நம் பாராமகாலோ (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்) 1792 வரை மைசூர் வசம், ஹைதரும் திப்புவும் ஆண்ட சீமை. அதனால் குடும்பம் இந்தப் பக்கம் வந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகு, ஆங்கிலேயர் ஆட்சியில்தான் இருக்கும். அந்தக் காலத்துச் சென்னை மாகாண சர்ச் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

பெயர் கிடைத்ததும் கம்பெனியின் சம்பளப் பேரேட்டுக்குப் போங்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பேரேடுகளை நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பெயர் போட்டு இலவசமாகவே தேடலாம். ஆளின் பெயர், சொந்த ஊர், வந்த கப்பல், என்ன வேலை, வேலை எப்போது எப்படி முடிந்தது, எல்லாம் வரும். சொந்த ஊரிலிருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளம் போகட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் அதே கணக்கில் இருக்கும். ஒரே பெயரைப் பலவிதமாக எழுதுவார்கள், எல்லா விதத்திலும் தேடுங்கள். சொந்த ஊர் ஜெர்மனி என்று வந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள், கம்பெனியில் வெளிநாட்டார் ஏராளம்.

அவர் காலத்தைத் தெரிந்துகொள்வதென்றால் கம்பெனியின் துணி வியாபாரத்தோடு நிறுத்த வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து நம் ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதும் அதே கம்பெனிதான். அதையும் படித்தே ஆக வேண்டும்.

முக்கியமாக, அவர் மணந்த பெண்ணைத் தேடுங்கள். உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் பல நேரம் வெறும் ஞானஸ்நானப் பெயரோடு பதிவு நின்றுவிடும், தகப்பன் பெயர் இருக்காது. அவர் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் சாட்சியாக நின்றவர்கள் பல நேரம் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள். அந்தப் பெயர்களை ஒன்று விடாமல் எழுதி வையுங்கள்.